மறுபடியும் மேகியா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்கு அம்மாவிடமிருந்து மிஸ்டு கால் வரும். ஊரில் அப்போது மாலை ஐந்து மணி. நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். பாட்டியின் முழங்கால், மாடு சினையாக இருப்பது, தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா இல்லையா என்பதெல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாகக் கேட்பாள்.

"சாப்பிட்டயா கண்ணு?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

"நூடுல்ஸ்."

"மறுபடியும் மேகியா?"

"ஆமாம்மா."

வேறென்ன சொல்ல? எங்கள் வீட்டில் நூடுல்ஸ் என்ற சொல்லுக்கு மேகியைத் தவிர வேறு பொருள் கிடையாது. 1983இல் அது இந்தியாவுக்கு வந்தது. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மளிகைக்கடைச் சரத்தில் தொங்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. காய்ச்சல் வந்தால் ரொட்டி, அம்மா ஊருக்குப் போனால் மேகி. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை ஜப்பானில் போய் வாரம் தவறாமல் அதையே தின்கிறான் என்பது அவளுக்குப் பெரிய மனக்குறை. நான் தின்றது எது, அதற்கு முன்னால் குடித்தது எது என்பதை விளக்க நிமிஷக் கணக்கில் காசு கரையும் போன் கார்டு போதாது. குடித்ததைப் பற்றி எந்தக் கார்டும் போதாது.

நான் இருந்த சப்போரோவில் தெருக்களுக்குப் பெரும்பாலும் எண்தான் முகவரி. நடுவில் இருக்கும் ஒதோரி பூங்காவிலிருந்து வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். என் அறை வடக்கு 18இல் இருந்தது. சுரங்க ரயில் நிலையத்தின் பெயரே அதுதான். அங்கிருந்து நாலு நிமிஷ நடையில் அந்த நூடுல்ஸ் கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை. மொத்தமே ஒன்பது ஸ்டூல். நாலு பேர் கூடுதலாக வந்தால் வாசலில் பனியில் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் போனது 2008 டிசம்பரில். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் களர் மண்ணைப் பற்றி முதுகலை முடித்துவிட்டு, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குக்கரில் வைத்த சோறும் பாக்கெட் பருப்புப் பொடியும் சலித்துப்போன ஒரு ராத்திரி, பூண்டு வதங்கும் வாசனை தெருவரை வந்து இழுத்தது. துணித்திரையை விலக்கிக் கதவைத் தள்ளியதும் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையடித்ததுபோல் மூடிக்கொண்டது. வெளியே மைனஸ் எட்டு, உள்ளே கொதிக்கும் அண்டாக்கள். "இரஷ்ஷாய்" என்று யாரோ உரக்கச் சொன்னது மட்டும் கேட்டது. குருடனைப் போல் ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தால் சுவரில் பதினைந்து மரப்பலகைகளில் எழுதியிருந்தது எதுவும் புரியவில்லை. பக்கத்து ஸ்டூல் பெரியவரின் கிண்ணத்தைக் காட்டினேன்.

வந்த கிண்ணத்தில் ஆவி இல்லை. இதுதான் சப்போரோ மிசோ ராமெனின், அதாவது சோயா விழுது கரைத்த நூடுல்ஸ் சூப்பின், சூது. மேலே பன்றிக்கொழுப்பு ஒரு படலமாகப் பரவி நிற்கும். சூட்டை வெளியே விடாது, ஆவியையும் விடாது. ஆறிப்போனதுபோல் சாதுவாக இருக்கும். கரண்டி நிறைய அள்ளி வாயில் வைத்தேன். நாக்கு, அண்ணம், தொண்டை என்று வரிசையாகத் தீப்பிடித்தது. கண்ணில் தண்ணீர். தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்று நான் தேடுவதற்குள் பெரியவர் தன் பாட்டிலைச் சாய்த்து ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி என் முன்னால் தள்ளிவிட்டார். குடித்தேன். அதுதான் எனக்கு அந்தக் கடையின் முதல் பீர். நாக்கு வெந்திருந்ததால் ருசி தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பீர் என்பது கறுப்புப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போய், பம்புசெட் பின்னால் நின்று, யார் வருகிறார்கள் என்று ஒரு கண்ணை வெளியே வைத்துக்கொண்டு குடிப்பது. குடித்துவிட்டு பாக்கு மெல்ல வேண்டும், கொய்யா இலை மெல்ல வேண்டும். இங்கே அடுத்த ஸ்டூலில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி சோளமும் வெண்ணெயும் போட்ட ராமெனை ஊதி ஊதித் தின்கிறாள். அவள் அப்பா பக்கத்தில் பீர் குடிக்கிறார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இந்தச் சாதாரணம் எனக்குப் பழகச் சில மாதம் பிடித்தது. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன், சித்தப்பா யாராவது வந்துவிட்டாரா என்று.

கடைக்காரரை எல்லாரும் தைஷோ என்பார்கள். படைத்தளபதி என்று அர்த்தம். நம்மூரில் பரோட்டா மாஸ்டருக்குக் கிடைப்பது வாத்தியார் மரியாதை, அங்கே ராணுவ மரியாதை. ஐம்பது வயதிருக்கும், தலையில் வெள்ளைத் துண்டு, பேச்சே இல்லை. இரும்பு வாணலியில் கொழுப்பைப் போட்டு, புகை வந்ததும் முளைப்பயறு, வெங்காயம், கொத்தின பன்றிக்கறி, பூண்டு என்று அள்ளிப் போடுவார். வாணலியைத் தூக்கித் தட்டும்போது தீ உள்ளே எட்டிப் பார்க்கும். மிசோவும் எலும்புச் சாறும் அதே வாணலியில்தான் விழும். அப்போது எழும் சத்தம், தாளித்த கடுகு ரசத்தில் விழும் சத்தத்தைப் பத்து மடங்காக்கியதுபோல் இருக்கும். அதே நேரம் இன்னொரு கையால் நூடுல்ஸை வடிதட்டில் தூக்கி, ஒரே உதறில் தண்ணீரை இறக்குவார். கிண்ணம் கவுண்டரில் வந்து உட்காரும்போது அவர் அடுத்த ஆளுக்குப் போயிருப்பார்.

அந்த நூடுல்ஸ் மஞ்சளாக, சுருள் சுருளாக, பல்லுக்கு அடங்காமல் துள்ளும். மாவு பிசையும் தண்ணீரில் கான்சுய் என்ற காரம் சேர்க்கிறார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும்தான் அது. கோதுமை மாவில் நிறமில்லாமல் ஒளிந்திருக்கும் ஃபிளவனாய்டுகளை அந்தக் காரம் மஞ்சளாக்கும், மாவை இறுக்கும். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. சோடியம் கார்பனேட் ஏறிய நிலத்தைத்தான் நாங்கள் களர் என்கிறோம். விதை முளைக்காது, மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை. இரண்டு வருஷம் அந்த உப்பை மண்ணிலிருந்து வெளியேற்றும் வழியைப் படித்துவிட்டு வந்தவன், அதைக் காசு கொடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

ராமெனும் பீரும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. இதை நான் கற்றுக்கொள்ள ஒரு கிண்ணம் பலியானது. ராமெனுக்குக் காத்திருக்கத் தெரியாது. வந்த நிமிஷத்திலிருந்து நூடுல்ஸ் சாற்றைக் குடித்து ஊதத் தொடங்கிவிடும். பீரோ நிதானமாக, பேச்சுக்கு நடுவே, ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு குடிப்பது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ஒன்று கெடும். நான் ஒன்றாகக் கேட்டேன். அன்று ஞாயிறு, அம்மாவின் மிஸ்டு காலும் சேர்ந்து வந்தது. கடைக்குள் போன் பேசுவது மரியாதை இல்லையென்று வெளியே நின்று பேசிவிட்டு வந்தேன். பாட்டியின் முழங்கால் அன்று கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் நூடுல்ஸ் சேமியாப் பாயசம்போல் பருத்துக் கிடந்தது, பீர் நுரை செத்துக் கிடந்தது. தைஷோ கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முறையைச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பெரியவர்தான். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லிக்கொடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. நான் அவரைப் பார்த்து எழுதிக்கொண்ட பாடம். உட்கார்ந்ததும் "சூபின்" என்பார். நடுத்தர பாட்டில், 500 மில்லி. கூடவே ஒரு சின்னத் தட்டில் மென்மா, அதாவது புளிக்கவைத்த மூங்கில் குருத்து. பன்றிக்கறியை வெட்டும்போது விழுகிற ஓரத்துண்டுகள் கொஞ்சம். இதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம். பாட்டிலில் கடைசி ஒரு டம்ளர் மிச்சமிருக்கும்போது விரலை லேசாகத் தூக்குவார். தைஷோ வாணலியை அடுப்பில் வைப்பார். ராமென் வந்ததும் பெரியவர் பேச மாட்டார், நிமிர மாட்டார், ஏழெட்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். பிறகு அந்தக் கடைசி டம்ளர். உதட்டில் ஒட்டிய கொழுப்பையும் மிசோவின் உப்பையும் அது கழுவிக்கொண்டு போகும். டம்ளரை வைத்ததும் எழுந்துவிடுவார். பந்தியில் பாயசத்துக்குப் பிறகு மோர் எங்கே வருகிறது என்று நமக்கு இருக்கும் கணக்கைப் போல அது ஒரு கணக்கு. அந்தக் கடைசி டம்ளரை முன்னாலேயே குடித்துவிடுகிறவர்களைப் பற்றி எனக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

பாட்டில் என்றால் கிளாசிக்தான். 1985இலிருந்து ஹொக்கைடோ தீவில் மட்டும் விற்கிற சப்போரோ பீர், முழுக்க மால்ட். அதன் லேபிளில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானின் அன்றைய மெய்ஜி அரசு இந்தத் தீவில் ஆட்களைக் குடியேற்ற ஓர் அலுவலகம் வைத்திருந்தது. துருவ நட்சத்திரம் அதன் சின்னம். அந்த அலுவலகம்தான் 1876இல் பீர் ஆலையைத் தொடங்கியது. ஜெர்மனியில் பீர் வடிக்கக் கற்றுவந்த நாகாகவா செய்பெய் பொறுப்பேற்றார். முதலில் டோக்கியோவில் வைப்பதாக இருந்த ஆலை. குளிரில் புளிக்கவைக்கும் பீருக்கு ஐஸ் வேண்டும், அது இங்கே இலவசமாகக் கிடக்கிறது என்று வாதாடி வடக்கே கொண்டுவந்தார்கள்.

அதே 1876இல் அதே அலுவலகம் இன்னொன்றையும் தொடங்கியது: சப்போரோ வேளாண் கல்லூரி. நான் படித்த பல்கலைக்கழகத்தின் வேர் அது. அதை நடத்த அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் கிளார்க், மாணவர்களிடம் மதுவையும் புகையையும் தொடமாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார். ஒரு கையால் பீர் ஆலை, மறு கையால் மதுவிலக்கு! நம்மூர் அரசியல் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு. வளாகத்தில் கிளார்க்கின் மார்பளவுச் சிலை இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போவேன். அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

ராமெனுக்கும் அந்த வளாகத்தோடு உறவு உண்டு. 1922இல் பல்கலைக்கழக முதன்மை வாசலுக்கு எதிரே தாகேயா என்ற சாப்பாட்டுக்கடை திறந்தது. வாங் வென்சாய் என்ற சீனச் சமையல்காரர் அங்கே சீன நூடுல்ஸ் போட்டார். சீன மாணவர்கள் வந்தார்கள், பிறகு எல்லாரும் வந்தார்கள். சப்போரோ ராமென் கதையை அந்த வாசலிலிருந்துதான் தொடங்குவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து அறையில் சமைத்துச் சலித்த மாணவன் வாசலுக்கு வெளியே நூடுல்ஸ் தேடிப் போவது என்னோடு ஆரம்பித்த வழக்கம் இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மிசோ சேர்ந்தது 1950களில். அஜி நோ சன்பெய் என்ற கடையின் ஒமியா மொரிதோ செய்த வேலை அது. அவருக்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். ரீடர்ஸ் டைஜஸ்ட் படித்தாராம். அதில் சுவிட்சர்லாந்தின் ஒரு சூப் கம்பெனித் தலைவர், ஜப்பானியர்கள் மிசோவின் அருமையை இன்னும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற பொருளில் ஏதோ சொல்லியிருந்தாராம். அந்தக் கம்பெனி மேகி.

இதை ஆய்வகத்து நண்பர் சொன்ன அன்று ஞாயிறு வரை காத்திருக்க முடியாமல் செவ்வாய்க்கிழமையே அம்மாவைக் கூப்பிட்டேன். "நீ சொல்றது ஒரு வகையில சரிதாம்மா" என்று ஆரம்பித்தேன். "அதத்தான் நானும் சொல்றேன், அத்தனை மேகி உடம்புக்கு ஆகாது" என்றாள்.

2011 பிப்ரவரியில் அப்பா வந்தார். பாட்டி படுக்கையில் விழுந்திருந்ததால் அம்மா வரவில்லை. பனித்திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாடி உயரத்துக்குப் பனியில் செதுக்கிய மாளிகைகளை அப்பா மங்கிக் குல்லாய்க்குள்ளிருந்து பார்த்தார். ஒரு குளிர்காலத்தில் மொத்தம் 5 மீட்டர் அளவுக்குப் பனி விழும் என்று சொன்னேன். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இத்தனையும் உருகுனா எத்தனை ஏக்கர் பாயும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மண்ணியலில் ஆராய்ச்சி செய்பவனுக்கு இது தெரியாதா என்பதுபோல் பார்த்துவிட்டு, பனியைத் தட்டிவிட்டார்.

அன்றும் ஞாயிறு. வேறு கடைக்குப் போயிருக்கலாம். அப்பாவுக்கு அந்த ராமெனைக் காட்டவேண்டும் என்று ஆசை. பீர் சொல்லாமல் இருந்தால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

கதவைத் தள்ளியதும் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் வெள்ளையாகிப் போனது. கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்கப் போய், பேன்ட் போட்டிருப்பது நினைவு வந்து, மப்ளரால் துடைத்தார். அவர் போட்டுக்கொண்டு நிமிர்வதற்கும், கவுண்டருக்கு அந்தப்பக்கம் மூடி கழலும் 'டக்' சத்தத்துக்கும் சரியாக இருந்தது. இரண்டு வருஷப் பழக்கம். தைஷோ என் முகத்தைப் பார்த்ததும் கிளாசிக்கைத் திறந்துவிட்டார். விருந்தாளி வந்திருக்கிறார் என்று இரண்டு டம்ளர்.

அப்பா பாட்டிலைப் பார்த்தார். நான் மரப்பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். "ஒதோசன்?" என்று என்னைக் கேட்டார். அப்பாவா என்று. தலையாட்டினேன். இடுப்பு வரை வளைந்து அப்பாவைக் கும்பிட்டார். அப்பாவும் பாதி எழுந்து கும்பிட்டார். பெரியவர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, பிறகென்ன என்பதுபோல் காத்திருந்தார். அங்கே தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை, இன்னொருவர்தான் ஊற்றுவார், வாங்குகிறவர் டம்ளரைத் தூக்கித் தர வேண்டும் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் எதிரில் ஒரு வயசாளி வளைந்து நிற்கிறார். அப்பா டம்ளரை எடுத்து, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் இடக்கையை அடியில் கொடுத்து நீட்டினார். நுரை விளிம்புவரை வந்து நின்றது.

"என்றா இது?" என்றார் என் பக்கம் திரும்பாமல்.

"பீருங்கப்பா."

"தெரியுது."

ஒரு வாய் குடித்தார். அறுபத்திரண்டு வயதில் முதல் பீர் என்றுதான் நினைக்கிறேன். விசாரிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கஷாயம் குடித்த முகத்தோடு பெரியவரைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவர் மகிழ்ந்துபோய்த் தன் ஸ்டூலுக்குத் திரும்பினார். அப்பா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "மிச்சத்த நீ குடிச்சுரு. வெச்சுட்டுப் போனா அவரு சங்கடப்படுவாரு."

குடித்தேன். அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, கஷாயம்போலவே குடித்தேன்.

ராமென் வந்தது. "மேல ஆவி வராதுங்கப்பா, ஆனா உள்ள கொதிக்கும்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். என்ன கறி என்று கேட்டார், பன்றி என்றேன், மாடு இல்லையே என்று உறுதிசெய்துகொண்டார். குச்சி இரண்டும் அவர் கையில் நிற்கவில்லை. தைஷோ எங்கிருந்தோ குழந்தைகளுக்கு வைத்திருக்கும் முயல் படம் போட்ட ரோஸ் பிளாஸ்டிக் முள்கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதில் நூடுல்ஸைச் சுற்றித் தின்றார். சாறு மிஞ்சியபோது கரண்டியை வைத்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி உறிஞ்சினார். இலையில் ஓடும் ரசத்தைக் கையில் வாரி உறிஞ்சும் அதே சத்தம். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்த சத்தம். அந்தக் கடையில் ஒன்பது ஸ்டூலிலும் அதே சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை காசு?"

"750 யென். நம்மூர்க் காசுக்கு 400 ரூபாய் வரும்."

"அதுக்கு?" என்று கண்ணால் பாட்டிலைக் காட்டினார். சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மறுபடி பனி விழத் தொடங்கியிருந்தது. சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது. எட்டரை. திருப்பிக் கூப்பிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். பாட்டி இன்று கஞ்சி குடித்தாளா, வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்ததா என்று இவர் கேட்டார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது போலிருக்கிறது. அப்பா குல்லாயைக் கொஞ்சம் தூக்கி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"ஆச்சு, ஆச்சு. என்னத்த, மேகிதான்."